எட்டுத் தொட்டில், ஒரு பிள்ளை

தூங்குகிற பிள்ளையை அவர் வாங்கமாட்டார்.

முதல் நாள் எங்களுக்குள் நடந்த தகராறே அதுதான். தாடிக்கொம்பு தாண்டி இருந்த ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் அப்போது எனக்கு வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் தாமதம் என்று குறித்துவைக்கிற வேலை. மகளுக்கு ஒன்பது மாதம். விடுப்பு முடிந்த மறுநாள் காலை, அவளைத் தோளில் தட்டித் தூங்கவைத்துக்கொண்டே மில்லின் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். அப்படியே தொட்டிலில் கிடத்திவிட்டு நழுவிவிடுவதாகத் திட்டம்.

"முழிக்கட்டும்" என்றார் ஆயம்மா.

"தூங்கட்டும் ஆயம்மா. முழிச்சா என்னைய விடமாட்டா."

"முழிச்சுப் பாக்கையில நீங்க இருக்க மாட்டீக. யாரோ ஒருத்தி மூஞ்சிதான் தெரியும். ஒங்க மூஞ்சி எங்க போச்சுன்னு அது தேடணும். செத்த நேரம் உக்காருங்க."

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்குத் தாமதம் போடுகிறவள் அன்றைக்குத் தாமதம். மகள் கண்விழித்ததும் ஆயம்மா அவளை வாங்கி, முகம் என் பக்கம் இருக்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"எங்க போறீக, எப்ப வருவீகன்னு."

ஒன்பது மாதக் குழந்தையிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா ஆபீசுக்குப் போறேன் தங்கம். அஞ்சு நிமிசத்துல வந்துருவேன்" என்றேன்.

"அஞ்சு நிமிசமா?" என்றார் ஆயம்மா. "சாயங்காலம் மில்லுச் சங்கு ஊதுனாத்தான் வருவீக. அதச் சொல்லுங்க."

சொன்னேன். மகள் வீறிட்டு அழுதாள். ஆயம்மா அவளைச் சமாதானப்படுத்த அவசரப்படவில்லை. "அழட்டும். அம்மா போனா அழுகாம என்ன செய்யும்? நீங்க போங்க. திரும்பிப் பாத்தாலும் தப்பில்ல. ஒளிஞ்சுதான் போகக் கூடாது."

இதை எழுதுகிற நான்தான், கடைசியில், அவரிடம் ஒளிந்து போனவள்.

அவர் பெயரை மில்லில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஆயம்மா. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைத் தினமும் எழுதியவள் என்பதால் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. பிள்ளைகளைக் கீறிவிடும் என்று வளையல் போடமாட்டார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். தோளில் எப்போதும் ஒரு பூத்துவாலை. கிட்டே போனால் வசம்பு வாசனை.

பிள்ளைகளிடம் கொஞ்சு மொழி பேசி அவரை நான் பார்த்ததில்லை. வயது வந்த மனிதர்களிடம் பேசுவதைப் போல முழு வாக்கியமாகப் பேசுவார். "மூக்கத் தொடைக்கப் போறேன், செத்த அசையாம இரு" என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பார். கழிப்பறைக்குப் போவதானால்கூட, "ஆயம்மா ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன். கதவு தொறந்துதான் கெடக்கு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டு போவார். மகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை கோயில் திருவிழாவுக்காக இரண்டு நாள் விடுப்புக் கேட்டார். என்னிடம் கேட்டது முந்தின நாள்தான். அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்தே மகளிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார், வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நான் வரமாட்டேன், கேண்டீன் அக்கா வந்து பார்த்துக்கொள்ளும், சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று.

"அதுக்குக் கெழமை தெரியுமா ஆயம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு நீங்க எப்படிக் கண்டீக?"

காப்பகம் என்பது பலகையில் எழுதியிருந்த பெயர். பழைய ஆட்கள் அதைப் பிள்ளைக் கொட்டகை என்றார்கள். ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம். குறுக்கே ஓடிய இரும்புக் குழாயில் எட்டுக் கொக்கிகள். எட்டுக் கொக்கியிலும் எட்டுச் சேலைத் தொட்டில்கள். நான் போன காலத்தில் அந்த எட்டில் ஏழு காலி. அங்கே வந்த ஒரே பிள்ளை என் மகள்.

ஆயம்மா அங்கே சேர்ந்தபோது கொக்கி போதாமல் ஜன்னல் கம்பியிலும் தொட்டில் கட்டுவார்களாம். மில்லில் அப்போதெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த கல்யாணமான பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பால் கொடுக்க அவர்களை விடுவார்கள். அதை ஆயம்மா சொல்லும்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

"தலையில பஞ்சு, புருவத்துல பஞ்சு, கண்ணிமையில பஞ்சு. இருபது வயசுக் கொமரிக கெழவி மாதிரி ஓடி வருவாளுக. பெத்த பிள்ளையே பயந்து கத்தும். ஈரத்துணியோட நான் வாசல்ல நிப்பேன். ஒருத்தி ஒருத்தியா மூஞ்சியும் மாரும் தொடைச்சுத்தான் உள்ள விடுவேன். இல்லாட்டிப் பஞ்சு பூராம் பிள்ள மூக்குக்குள்ள போயிரும். தொடைக்கத் தொடைக்க அம்மா மூஞ்சி தெரியும். அது தெரிஞ்சதும் இதுக சிரிக்கும் பாருங்க."

பிறகு மில் மாறிவிட்டது. கல்யாணமானவர்களை எடுப்பதைக் குறைத்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து பதினெட்டு வயசுப் பெண்களைக் கொண்டுவந்து விடுதி கட்டி அதில் வைத்தார்கள். விடுதிப் பெண்ணுக்குப் பிள்ளை கிடையாது, பால் கொடுக்க ஓட வேண்டியதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்கமாட்டாள். ஒவ்வொரு மாதமும் பட்டியலில் பழைய பெயர்கள் குறைந்து புதிய பெயர்கள் கூடுவதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அப்போது அதைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை. பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் கூடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கூடத்தோடு ஆயம்மாவும் இருந்தார். பிள்ளையே வராத இரண்டு வருடம், அதாவது நாங்கள் போவதற்கு முன்னால், தினமும் காலையில் வந்து எட்டுத் தொட்டிலையும் கட்டி, சாயங்காலம் அவிழ்த்து மடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒண்ணு கட்டுனாப் போதாதா?" என்று கேட்டேன்.

"வந்தாகன்னா?" என்றார்.

அவரைப் பற்றிக் கேண்டீனில் ஒரு கதை உண்டு. பெற்ற பிள்ளையைத் தூங்கும்போது விட்டுவிட்டு வேலைக்குப் போனாராம், அது விழித்துத் தேடிக்கொண்டு போய்க் கிணற்றில் விழுந்துவிட்டதாம், அதிலிருந்துதான் இந்தப் பிடிவாதமாம். ஒருநாள் மத்தியானம் அவரிடமே கேட்டுவிட்டேன். மகளுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"எனக்குப் பிள்ளையே இல்லம்மா. கட்டுனவுக ஒரு வருசத்துல விட்டுட்டுப் போயிட்டாக. கெணறும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா இருக்க மாட்டாம கதை கட்டுறாளுக."

"அப்புறம் ஏன் இம்புட்டுக் கண்டிப்பு?"

சோற்றை உருட்டி மகள் வாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா புகையிலக் குடோனுக்குப் போகும். நாங்க ஆறு பேரு. என்னைய வளத்தது எங்கக்கா. அவளுக்கே அப்ப ஏழு வயசு. அம்மா கதவ வெளிய பூட்டிட்டுப் போயிரும். எப்ப வரும்னு சொல்லாது. சாயந்தரம் வந்துரும், வராம இருந்ததில்ல. ஆனா எங்களுக்கு அது தெரியாதுல்ல? தெனம் அது செத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் உக்காந்திருப்போம்." அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே, "எங்கம்மாவக் குத்தம் சொல்லல. அதுக்கு யாரும் சொல்லித் தரல" என்றார்.

ஒரு வருடம் ஒன்பது மாதம் என் மகள் அங்கே இருந்தாள். அந்தக் கூடத்தில் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். அவள் கோர்வையாகப் பேசிய முதல் பேச்சே, "சங்கு ஊதுனா அம்மா வரும்" என்பதுதான். நானும் மாறியிருந்தேன். தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன். சில நாள் அழுவாள், சில நாள் கையை ஆட்டுவாள். எப்படியானாலும் ஒன்பது மணிக்கு என் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பின் எந்த வேலையிலும் அந்த நிம்மதி எனக்கு வாய்க்கவில்லை.

அப்புறம் ஓர் ஆய்வு வந்தது. காப்பகம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசு அதிகாரி வருகிறார் என்று தகவல். எட்டுத் தொட்டிலுக்கு ஒரு பிள்ளையைக் காட்ட முடியாது. சூப்பர்வைசர் மில்லுக்குப் பின்னால் இருந்த காலனியிலிருந்து ஐந்து பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். இது எல்லா மில்லிலும் நடப்பதுதான் என்றார்கள். ஆயம்மா வாசலை மறித்து நின்றார்.

"இதுக அம்மாமாரு எங்க?"

"அதெல்லாம் சொல்லியாச்சு ஆயம்மா. ஒரு மணி நேரம்தான். உள்ள விடு."

"அம்மாமாருட்டச் சொல்லிட்ட. இதுககிட்டச் சொன்னியா?" குனிந்து, இருந்ததில் பெரிய பிள்ளையிடம் கேட்டார்: "உன்னைய எதுக்குக் கூட்டியாந்திருக்காக?"

"போட்டோப் பிடிக்க" என்றது அது.

ஆயம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள வா" என்று விட்டார்.

அதிகாரி வந்தார். சாதுவான மனிதர். ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தடவினார். "எல்லாரும் தினம் வர்றாங்களாம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டார். மானேஜர் பக்கத்தில் நிற்கிறார். கோப்போடு பின்னால் நான் நிற்கிறேன்.

"இல்லங்க சார். இந்தப் பாப்பா மட்டும்தான் தெனம் வருது. இவுகெல்லாம் போட்டோவுக்கு வந்தவுக."

அதிகாரி மானேஜரைப் பார்த்தார். மானேஜர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த அதிகாரியால் ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மானேஜர் கூப்பிட்டார். ஆயம்மாவைக் கழிவுப் பஞ்சுப் பிரிவுக்கு மாற்றி ஓர் உத்தரவு அடிக்கச் சொன்னார். காப்பகத்தைப் பூட்டிவிடலாம், ஒரு பிள்ளைக்கு எதற்குக் கூடம், அது உங்கள் பிள்ளைதானே, நீங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். உத்தரவைத் திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம், அதுவரை வெளியே பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார். அடித்துக்கொடுத்தேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் மகளை வாங்கப் போனேன். "இன்னிக்கி ரசஞ்சோறு நல்லாச் சாப்டுச்சு. திங்கக்கெழம முட்ட அவிச்சுத் தாரேன்னு சொல்லிருக்கேன், மறக்காமக் குடுத்து விடுங்க" என்றார். சரி என்றேன்.

திங்கட்கிழமை மகளை நாகல் நகரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிளே ஸ்கூலில் கொண்டுபோய்விட்டேன். அங்கே பெற்றோர் உள்ளே வரக் கூடாது. வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மில்லுக்கு வந்து, வழக்கமான வாசலை விட்டுவிட்டு, லாரிகள் போகிற வாசல் வழியாக உள்ளே போனேன். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து காப்பகத்து வாசல் தெரியும். தோளில் துவாலையோடு ஆயம்மா நின்றுகொண்டிருந்தார். எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. உள்ளே போய்விட்டு மறுபடி வந்து நின்றார். பதினொரு மணிக்குத்தான் சூப்பர்வைசர் உத்தரவைக் கொண்டுபோனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சூப்பர்வைசரே படித்துக்காட்டினார்.

கழிவுப் பஞ்சில் மூன்று மாதம் வேலை பார்த்தார். டைம் ஆபீஸ் பக்கம் வரவே இல்லை, வருகை அட்டையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். நானும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு நின்றுவிட்டார். அடுத்த வருடம் நானும் அந்த மில்லை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் ஒருநாள் பள்ளிப் பேருந்து எங்கள் தெருமுனையில் நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. ஓட்டுநருக்குத் தெரியவில்லை. பள்ளியில் போனை யாரும் எடுக்கவில்லை. அவள் அப்பா பழனியில் வேலையாக இருந்தார், உடனே கிளம்புகிறேன் என்றார். நாலே முக்காலிலிருந்து ஏழேகால் வரை நான் அந்த முனையிலேயே நின்றேன். வீட்டுக்குப் போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவாள் என்று பயம், நின்றால் தேடாமல் நிற்கிறோமே என்று பயம். பக்கத்துக் கடைக்காரர், "உக்காருங்கம்மா, வந்துரும்" என்று ஸ்டூலை எடுத்துப்போட்டபோதுதான் கையில் தோசைக் கரண்டி இருப்பதைப் பார்த்தேன்.

பேகம்பூரில் தோழி வீட்டில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லச் சொல்லி இன்னொரு பெண்ணிடம் சொன்னாளாம், அந்தப் பெண் மறந்துவிட்டதாம். தோழியின் அம்மா ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இப்போதும் பேருந்துச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். அதோடு, ஆயம்மா வாசலில் நின்ற அந்த எட்டரையிலிருந்து பதினொன்று வரை என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

மார்க்கெட்டில் பழைய கேண்டீன் அக்காவைப் பார்த்து ஆயம்மாவைப் பற்றிக் கேட்டேன். சித்தையன்கோட்டையில் தங்கை வீட்டோடு இருக்கிறார் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். தங்கை வீட்டார் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். ஆயம்மா மட்டும் வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"யாரு?" என்றார். நான் பேசத் தொடங்கியதுமே, "டைம் ஆபீசம்மாவா. வாங்க. பாப்பா என்ன படிக்குது?" என்றார்.

"ஒம்பதாவது."

"ஒம்பதாவதா. ஒசரமா வந்திருக்கும். அதுக்கு அப்பவே காலு நீளம்."

எதிரே உட்கார்ந்தேன். வெங்காயத்தில் நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் யோசித்துவைத்திருந்த வரிசையெல்லாம் போய்விட்டது. அந்த உத்தரவை அடித்தது நான்தான் என்று முதலில் அதைச் சொன்னேன்.

"நீங்கதான அடிக்கணும். வேற யாரு அடிப்பா? அது ஒங்க வேல."

"திங்கக்கிழமை லாரி கேட் வழியா உள்ள போனேன் ஆயம்மா. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

"பாத்தேன். பச்சச் சேல." வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "வெறுங்கையோட போனீக."

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தேன். பிறகு கேட்டேன்: "பாத்துட்டு அப்புறமும் ஏன் நின்னீங்க?"

"பாப்பாவ அவுகப்பா கூட்டியாருவாகளோ என்னமோன்னு நின்னேன்."

தெருவில் ஒரு டிராக்டர் போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் சொன்னார்:

"எங்கிட்டச் சொல்லாட்டிப் போகுதும்மா. நான் பெரிய மனுசி. பேப்பர் வந்துச்சு, படிச்சுக் காட்டுனாக, தெரிஞ்சுக்கிட்டேன். அதுகிட்டச் சொன்னீகளா?"

"யார்கிட்ட?"

"பாப்பாகிட்ட. இனிமே ஆயம்மாகிட்டப் போக மாட்டோம், வேற எடத்துக்குப் போறோம்னு. திங்கக்கெழம முட்ட தாரேன்னு நான் சொல்லிருந்தேன்ல?"

பொய் சொல்லலாம்தான். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பியிருந்தார்.

"சொல்லல. ஆயம்மா ஊருக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்துரும்னு சொன்னேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் தலையை ஆட்டினார். மறுபடி வெங்காயத்தை எடுத்தார். என்னைத் திட்டவும் இல்லை, போனால் போகட்டும் என்று சொல்லவும் இல்லை. சட்டி நிறைந்ததும் எழுந்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மகள் தனியாக இருப்பாள் என்றேன். "அப்பன்னா கெளம்புங்க" என்றார் உடனே.

அன்று மத்தியானம் மகளுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கூடம் நினைவில்லை. தொட்டில், துவாலை, சங்கு, எதுவும் இல்லை. கைகழுவாமல், தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க என்னைத் தேடுனாங்களாம்மா?"

"தேடுனாங்க."

"நான்?"

"நீயும்தான். புது இடத்துல ஒன்பது நாள் அழுத. மில்லு ரோட்டுப் பக்கம் வண்டியத் திருப்பச் சொல்லி அழுத."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அப்பாவிடம்கூட.

"பத்தாவது நாள்?"

"அழுகல. பழகிட்டன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."